சைனாலஜி டிஎஸ்224 பிளஸ்: பெட்டி நல்லது, அதன் முகவரியை ரவுட்டரிடம் விடாதீர்கள்

மட்டக்களப்பில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ, கல்முனையில் ஓர் அச்சகம், அம்பாறையில் ஒரு கணக்காளர் அலுவலகம். மூன்றிலும் நிலவரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலைந்து கணினி, ஒன்றிரண்டு பிரின்டர், சுவரில் ஒரு சிசிடிவிப் பெட்டி, ஊழியர்களின் ஃபோன்கள், "வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டு வருபவர்களின் ஃபோன்கள். இந்த அளவு இடத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்க சைனாலஜியின் டிஎஸ்224 பிளஸ் என்ற நாஸ், அதாவது வலையில் இணையும் கோப்புச் சேமிப்புப் பெட்டி, போதும். வாங்கலாம். ஆனால் இந்த வகைப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் "நாஸ் காணாமல் போயிற்று" என்று சொல்லும்போது பெட்டி பெரும்பாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஐபி முகவரி, அதாவது வலைக்குள் அதை அடையாளம் காட்டும் எண், யார் கொடுத்தது, எங்கே எழுதி வைத்தது என்று கேட்டால்தான் பதில் இருக்காது. அதனால் இந்த மதிப்பீட்டில் பாதிக்கு மேல் முகவரியைப் பற்றியே இருக்கும்.

முதலில் பெட்டி. 2023இல் வந்த மாடல், இரண்டு ஹார்ட் டிஸ்க் போடலாம். இன்டெல் செலரோன் ஜே4125 நான்கு கோர் சிப், 2 ஜிபி ரேம். காலியாக இருக்கும் துளையில் 4 ஜிபி சேர்த்து 6 ஜிபி வரை போகலாம். கோப்புப் பகிர்வுக்கு மட்டும் என்றால் 2 ஜிபி தாராளம். படங்களை முகம் பார்த்துப் பிரிக்கும் வேலை, சிசிடிவிப் பதிவு, கொன்டெய்னர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் மூச்சு வாங்கும். முன்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துளையும் காப்பி பொத்தானும் உண்டு. கலியாண வீட்டுப் படப்பிடிப்பு முடிந்து வந்து கார்ட் ரீடரைச் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கலாம். யூஎஸ்பி காப்பி என்ற பக்கேஜை முன்கூட்டியே போட்டு, எந்த ஃபோல்டருக்குப் போகவேண்டும் என்று அமைத்திருக்கவேண்டும். ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைச் சொல்லலாம்.

பின்னால் இரண்டு லேன் துளை, இரண்டுமே 1 கிகாபிட். நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் கோப்பு நகரும். 100 ஜிபி வீடியோ ஏறக் கால் மணி நேரம். இதே 100 ஜிபி இரண்டரை மணி நேரம் எடுத்தால் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று அர்த்தம். பல 4ஜி ரவுட்டர்களின் லேன் துளைகளே 100 மெகாபிட்தான். இன்னொரு காரணம் கேபிள்: எட்டு வயரில் நாலை மட்டும் கிரிம்ப் பண்ணினால் கிகாபிட் வராது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளும் சில காலத்தில் இதே கூத்தைக் காட்டும். நாஸின் கொன்ட்ரோல் பனலில் இன்ஃபோ சென்டருக்குப் போய் நெட்வேர்க் பக்கத்தைப் பார்த்தால் 1000 என்று நிற்கிறதா 100 என்று நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ரவுட்டரில் வேகம் இல்லாவிட்டால் ஒரு கிகாபிட் சுவிட்ச் வாங்கி நாஸையும் கணினிகளையும் அதில் செருகுங்கள். ரவுட்டருக்கு அந்தச் சுவிட்சிலிருந்து ஒரே ஒரு கேபிள் போனால் போதும்.

2025இல் வந்த டிஎஸ்225 பிளஸ்ஸில் ஒரு துளை 2.5 கிகாபிட், சிப் அதே ஜே4125. சுவிட்சும் கணினியும் 2.5 ஆக இல்லாதவரை அந்த வேகம் கடதாசியில்தான். அந்த ஆண்டு பிளஸ் மாடல்களுக்குத் தன் பட்டியலில் உள்ள டிஸ்க் மட்டுமே என்று கம்பனி ஒரு கட்டுப்பாடு போட்டு, எதிர்ப்பு வந்தபின் நாஸை இயக்கும் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்பில் தளர்த்தியது. 224க்கு அந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இல்லை. டிஸ்க் எந்தக் கம்பனியாக இருந்தாலும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதும் சிஎம்ஆர் வகையாகப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலில் வெறும் 'ரெட்' என்பதை விட்டு 'ரெட் பிளஸ்', சீகேட்டில் 'அயர்ன்வுல்ஃப்'. தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் விலை குறைவு என்று போட்டால், ஒன்று பழுதாகி மற்றதிலிருந்து மீளக் கட்டும் நாளில் அதன் வலி தெரியும். ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் பிரதியாக எழுதப்படுவதால், 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் கிடைப்பது ஒன்றின் அளவு. அதுவும் திரையில் 3.6க்குச் சற்றுக் கீழேதான் காட்டும்.

இனி முகவரி.

பெட்டியைச் செருகுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக எண் வழங்கும் வசதி) பட்டியலைத் திறந்து இப்போது யார் யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் வராதவைதான் ஆபத்தானவை: தனக்கென்று நிலையான எண் வைத்துக்கொண்டிருக்கும் பிரின்டர், விரலடையாள இயந்திரம், கமரா. ஹிக்விஷன் கமரா கடையிலிருந்து வரும்போது 192.168.1.64 இல் வரும். டாஹுவா 192.168.1.108 இல் வரும். உங்கள் ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை பங்கிட்டுக்கொண்டிருந்தால், 108 என்றைக்காவது ஒருநாள் ஒரு ஃபோனுக்கும் போகும். அன்றைக்கு அந்த ஃபோனுக்கு இன்டர்நெட் விட்டுவிட்டு வரும், கமராவும் விட்டுவிட்டுத் தெரியும். இரண்டு நாள் வைஃபையைத் திட்டுவார்கள். ஃபோனில் ஃபிங் போன்ற செயலி வைத்து ஒருமுறை வலையை அலசினால் இப்படி ஒளிந்திருப்பவை பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

அடுத்து, எந்த வலை எண்? ரவுட்டர்கள் வரும்போதே ஓர் எண்ணோடு வருகின்றன. பலது 192.168.1.1, டிபி-லிங்க், டெண்டா வகைகளில் 192.168.0.1, ஹுவாவே 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. ஒரே ஓர் இடம், அதை எந்தக் காலத்திலும் இன்னோர் இடத்தோடு இணைக்கப்போவதில்லை என்றால் வந்த எண்ணிலேயே விடலாம். கிளை இருந்தாலோ, வீட்டிலிருந்து விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் தனிச் சுரங்கம்) வழியாக வரப்போகிறீர்கள் என்றாலோ மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் 192.168.1 ஆக இருந்தால், 192.168.1.10 என்று கேட்கும் கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும், சுரங்கத்துக்குள் இறங்காது. நமது பகுதிக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தொலைபேசிப் பிரதேச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு 065, கல்முனை 067, அம்பாறை 063. ஆக மட்டக்களப்பு அலுவலகம் 192.168.65, கல்முனைக் கிளை 192.168.67, அம்பாறை 192.168.63. சப்நெட் மாஸ்க் எல்லாவற்றுக்கும் 255.255.255.0. இடத்துக்கு 254 முகவரி, தேவைக்கு மேலே. ஒரே ஊரில் இரண்டு கடை இருந்தால் மட்டும் இந்த உபாயம் உதவாது. அப்போது 10.65.1, 10.65.2 என்று போங்கள்.

ஊருக்குள் வீட்டிலக்கம் பிரிப்பதுபோல 254ஐயும் பிரிக்கவேண்டும். ரவுட்டருக்கு 1. சுவிட்ச், வைஃபை அக்சஸ் பொயின்ட்டுகளுக்கு 2 முதல் 9. நாஸுக்கு 10, அதன் பக்கத்தில் 11, 12 இரண்டையும் காலியாக விடுங்கள், காரணம் பிறகு வருகிறது. பிரின்டர்களுக்கு 20 முதல். சிசிடிவிப் பெட்டியும் கமராக்களும் 30 முதல் 49 வரை. பில் போடும் கணினி போல நகராதவை 50 முதல். டிஎச்சிபி பங்கீடு 100இல் தொடங்கி 199இல் முடியட்டும். அதற்கு மேலே உள்ளதைத் தொடவேண்டாம். டியூஷன் சென்டர், துணிக்கடை மாதிரி ஆள் வந்துபோகும் இடத்தில் டிஎச்சிபி குத்தகை நேரத்தை, அதாவது கொடுத்த எண் ஒருவரிடம் இருக்கும் காலத்தை, 24 மணியிலிருந்து இரண்டு மணிக்குக் குறைத்துவிடுங்கள். இப்போதைய ஃபோன்கள் தங்கள் மெக் முகவரியை (கருவிக்கென்று தயாரிப்பிலேயே வரும் அடையாள எண்) மறைத்துப் பொய் எண் காட்டுவதால், வைஃபையை மறந்து மறுபடி சேர்ந்தால் சிலவேளை ஒரே ஃபோன் இரண்டு ஆளாகக் கணக்கில் வரும். நூறு எண்ணும் மதியத்துக்குள் தீர்ந்துவிடலாம். வந்துபோகிறவர்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாக இருப்பது இன்னும் நல்லது, அவர்கள் கண்ணில் நாஸ் படவே கூடாது.

நாஸின் எண்ணை எங்கே பதிவது? இதில்தான் கருத்து வேறுபாடு. கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தில் கேட்டால் "ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போடு, எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்" என்பார்கள், அதாவது இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண் என்று ரவுட்டரிலேயே எழுதிவைப்பது. சொந்தமாக நல்ல ரவுட்டர் வைத்து, அதன் அமைப்பைச் சேமித்தும் வைக்கிறவர்களுக்கு அது சரி. இங்கே சிறு கடைகளில் ரவுட்டர் இணைய நிறுவனத்தின் சொத்து. ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலில் போனால் அடுத்த நாள் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். ரிசர்வேஷன் பழைய ரவுட்டரோடு போய்விடும். ரிசர்வேஷன் மெக் முகவரியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். டிஎஸ்224 பிளஸ்ஸின் இரண்டு லேன் துளைக்கும் இரண்டு மெக். முதல் துளை பழுதாகிக் கேபிளை இரண்டாவதில் செருகினால் ரவுட்டருக்கு அது புது ஆள்.

ஒன்றும் பதியாமல், டிஎச்சிபி கொடுத்த எண்ணிலேயே ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நாஸ் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, ரவுட்டர் நேரடியாகச் சுவரில் இருக்கிறது என்று வையுங்கள். கரண்ட் போகிறது, ரவுட்டர் அணைகிறது, நாஸ் அணையவில்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் வெறும் மண்டையோடு எழும்பும், மலிவான ரவுட்டர்கள் பல தாம் கொடுத்த எண்களின் பட்டியலை அணையும்போதே மறந்துவிடும். நாஸ் இன்னும் 105ஐப் பிடித்துக்கொண்டிருக்க, அதே 105ஐ முதலில் வந்த ஃபோனுக்குக் கொடுத்துவிடும். பிறகு சில கணினிகளில் ஃபோல்டர் திறக்கும், சிலதில் திறக்காது.

ஆகவே எண்ணை நாஸுக்குள்ளேயே நிலையாகப் பதியுங்கள், அந்த எண் டிஎச்சிபி பங்கீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் ரவுட்டரின் லேன் எண்ணை 192.168.65.1 ஆக்கி, பங்கீட்டை 100 முதல் 199 என்று மாற்றி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதன்பிறகே நாஸைச் செருகுங்கள். டிஸ்க்கில் பழைய கோப்பு ஏதும் இருந்தால் அதற்கு முன்பே வெளியே எடுத்துவிடவேண்டும், நிறுவும்போது டிஸ்க் முழுதும் அழியும். கணினியின் உலாவியில் ஃபைண்ட் டொட் சைனாலஜி டொட் கொம் என்று போனால் பெட்டி தெரியும். தெரியாவிட்டால் சைனாலஜி அசிஸ்டன்ட் மென்பொருள் கண்டுபிடிக்கும். அசிஸ்டன்ட் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால் நாஸுக்கு டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். டிஎஸ்எம் நிறுவி முடிந்ததும் கொன்ட்ரோல் பனல், நெட்வேர்க், நெட்வேர்க் இன்டர்ஃபேஸ் என்று போய் லேன் 1ஐத் திருத்துங்கள். ஐபி 192.168.65.10, மாஸ்க் 255.255.255.0, கேட்வே (வெளியே போகும் வாசல், இங்கே ரவுட்டர்) 192.168.65.1, இணையப் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸுக்கு முதலாவது ரவுட்டர், இரண்டாவது 8.8.8.8 அல்லது 1.1.1.1. சேமித்தவுடன் திரை உறைந்து நிற்கும். பழைய எண்ணோடு பேசிக்கொண்டிருந்த உலாவி அப்படித்தான் நிற்கும், பயப்படவேண்டாம். உலாவியில் 192.168.65.10:5000 என்று அடித்து மறுபடி நுழையுங்கள்.

கேட்வேயில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பது நல்லது. கடைக்குள் கோப்பு எல்லாம் வழக்கம்போலத் திறக்கும். யாருக்கும் குறை தெரியாது. ஆனால் மின்னஞ்சல் எச்சரிக்கை வராது, நேரம் சரிபார்க்கப்படாது, அப்டேட் வராது, கிளவுட் பேக்கப் நின்றுவிடும். மாதங்கள் கழித்து டிஸ்க் ஒன்று செத்தபின்தான் "ஏன் எச்சரிக்கை வரவில்லை?" என்று தேடுவார்கள். எச்சரிக்கை மின்னஞ்சலை அமைத்த அன்றே சோதனைக் கடிதம் ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

இரண்டாவது லேன் துளையை என்ன செய்வது? இரண்டு துளையையும் ஒரே சுவிட்சில் செருகி 10, 11 என்று இரண்டு எண் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யவேண்டாம். ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே வலை எண்ணில், இரண்டு வாசல் வைத்தால், ஒன்றில் வந்த கேள்விக்கு மற்றதால் பதில் போய்க் குழப்பும். இரண்டையும் பொண்ட் ஆக்கி, அதாவது ஒரே இணைப்பாகக் கட்டி, ஒரே எண் 10ஐக் கொடுங்கள். சாதாரண சுவிட்ச் என்றால் அடப்டிவ் லோட் பலன்சிங் அல்லது அக்டிவ் ஸ்டான்ட்பை. 802.3ஏடி என்ற இன்னொரு பொண்ட் முறை, அமைப்பை மாற்றக்கூடிய மனேஜ்ட் சுவிட்ச் உள்ளவர்களுக்கு. இதனால் ஒரு கணினியின் காப்பி வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்கவேண்டாம். லாபம் வேறு: வெளிச்சுவர்க் கமராவின் கேபிள் வழியாக மின்னல் ஏறி ஒரு துளையைக் கொன்றாலும் மற்றது அதே எண்ணில் தொடரும். பொண்ட் வேண்டாம் என்பவர்கள் இரண்டாம் துளையில் ஒன்றும் செருகாமல், தாளில் 11ஐ அதற்கென்று எழுதிவைத்தால் போதும்.

நம்மூரில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு கோளாறு, "வைஃபை எட்டவில்லை" என்று பின்னறையில் மாட்டும் இரண்டாவது ரவுட்டர். இன்டர்நெட் உள்ளே வருவதற்கான அதன் வான் (WAN) துளையில் கேபிளைச் செருகினால் அதன் வைஃபை வேறொரு வலையாகிவிடும். அந்த வைஃபையில் உள்ள மடிக்கணினி நாஸை எண்ணால் கேட்டால் கிடைக்கும், பெயரால் தேடினால் கிடைக்காது. இந்தப் பக்கத்துக் கணினியால் அந்தப் பக்கத்து பிரின்டருக்கு அனுப்பவும் முடியாது. சரி என்று கேபிளை லேன் துளைக்கு மாற்றினால், அதன் டிஎச்சிபியும் சேர்ந்து எண் வழங்கத் தொடங்கும், யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததுதான் எண். அந்த ரவுட்டரை அக்சஸ் பொயின்ட் நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் டிஎச்சிபியை அணைத்து, லேன் எண்ணை 192.168.65.2 ஆக்கி, லேன் துளையில் செருகுங்கள். இதே காரணத்துக்காக நாஸுக்குள் இருக்கும் டிஎச்சிபி சேர்வர் பக்கேஜையும் தொடவேண்டாம்.

புது ரவுட்டர் வந்து வலை எண் மாறி, நாஸ் மட்டும் பழைய 65இல் நின்றால்? சிறந்த வழி, வந்த ரவுட்டரின் லேன் எண்ணை மறுபடி 192.168.65.1 ஆக்குவது. ஐந்து நிமிட வேலை, கணினிகளில் ஒன்றும் மாற்றவேண்டாம். அதற்கு அனுமதி இல்லாத ரவுட்டர் என்றால் ஒரு மடிக்கணினிக்குக் கையால் 192.168.65.60 என்று கொடுத்து, அதே சுவிட்சில் கேபிளால் செருகி, நாஸுக்குள் நுழைந்து மாற்றுங்கள். கடைசி வழி பின்னால் உள்ள ரீசெட் துளை. நாலு விநாடி, ஒரு பீப் கேட்டதும் கையை எடுத்துவிடவேண்டும். லேன் டிஎச்சிபிக்குத் திரும்பும், அட்மின் கடவுச்சொல் மீளும், ஃபயர்வோல் விதிகள் செயலிழக்கும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பீப் கேட்டபின் மறுபடி அழுத்தினால் டிஎஸ்எம்மையே மீள நிறுவும் நிலைக்குப் போய்விடும், அதனால் இது அவசரக்காரர் கையில் கொடுக்கும் வேலை இல்லை.

நாஸ் 'இல்லை' என்று ஒரே ஒரு கணினி மட்டும் சொன்னால் நாஸ் தானாகத் தடுத்த எண்கள் இருக்கும் ஓட்டோ புளொக் பட்டியலைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றியபின் அந்தக் கணினி பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கும், நாஸ் அதன் எண்ணைத் தடுத்திருக்கும். கடை வலையை, அதாவது 192.168.65.0 முழுவதையும், அனுமதிப் பட்டியலில் போட்டுவிடலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு பெயர், கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் ஃபோல்டர்கள் திறக்க மறுப்பதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு என்பதுதான் அதற்கு மருந்து.

வெளியிலிருந்து பார்ப்பதற்கு டிஎஸ்எம்முக்குள் நுழையும் 5000, 5001 என்ற போர்ட் எண்களை (கேபிள் செருகும் துளை அல்ல) ரவுட்டரில் திறந்துவிடாதீர்கள். 2014இல் சைனோலாக்கர் என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் இப்படி வெளியே தெரிந்த சைனாலஜிப் பெட்டிகளைத் தேடித்தான் பூட்டியது. 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது எண்ணும் கிடைக்காது, ரவுட்டரின் வெளி எண் 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் போர்ட் திறந்தும் பயனில்லை. சைனாலஜியின் சேர்வர் வழியாக இணைக்கும் குயிக்கொனெக்ட் வேலை செய்யும், பெரிய கோப்புக்கு ஆமை. டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் பக்கேஜ் இதற்கு நல்ல தெரிவு.

யூபிஎஸ் வாங்கும்போது பின்னால் தரவுக்கான யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள், விலை குறைந்த பலதில் இல்லை. அந்தக் கேபிள் நாஸுக்குப் போனால்தான் பற்றரி தீருமுன் தானாகப் பாதுகாப்பாக மூடும். ரவுட்டரையும் சுவிட்சையும் அதே யூபிஎஸ்ஸில் போடுங்கள். கல்லடி, கல்முனை போன்ற கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று லேன் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும், வேகம் 100க்கு இறங்கினால் முதலில் முனையைப் பாருங்கள். மாரி வெள்ளத்தை நினைத்துப் பெட்டியை நிலத்தில் வைக்கவேண்டாம்.

4கே வீடியோவை நாஸில் வைத்தே எடிட் பண்ண நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி போதாது. இரண்டு டிஸ்க்குக்கு மேல் வளரும் என்று இப்போதே தெரிந்தவர்கள் நாலு டிஸ்க் மாடலுக்குப் போகட்டும். உத்தரவாதத்தில் திருத்தப் பெட்டி எங்கே போய்வரும், எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கிளை உள்ளவர்கள் இரண்டாவது பெட்டி ஒன்றைக் கல்முனையில் வைத்து, சைனாலஜியின் ஹைப்பர் பேக்கப் என்ற பக்கேஜால் அதற்குப் பிரதி எடுக்கலாம். முதல் பிரதியை மட்டும் இன்டர்நெட்டில் அனுப்பவேண்டாம். 10 மெகாபிட் ஏற்ற வேகத்தில் ஒரு டெராபைட் போக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். இரண்டாவது பெட்டியை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, காலியாக விட்ட 192.168.65.12ஐக் கொடுத்து, உள்ளேயே முழுப் பிரதியும் எடுங்கள். பெட்டியைக் கழற்றுமுன் அதன் லேனை டிஎச்சிபிக்குத் திருப்புங்கள். இதை மறந்தால் கல்முனையில் போய் மடிக்கணினியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அங்கே செருகி 192.168.67.10 என்று பதிந்து, விபிஎன் எழும்பியதும் மட்டக்களப்புப் பெட்டியின் பேக்கப் பணியில் சேர்வர் முகவரியை மாற்றிவிட்டால், அன்றிரவிலிருந்து மாறிய கோப்புகள் மட்டுமே போகும்.